ஆறு கிராம்

மேலப்பாளையம், மசூதின் முந்திரிக்கடை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம்.
கொதிக்குமுன் குப்பிக்கு ஓர் எடை, கொதித்தபின் ஓர் எடை.
இடையில் காணாமற்போனது பத்து கிராம்.
மின்விசிறியைப் போட்டு மறுபடி வைத்தோம்.
பதினாலு தின்றது.
மலையில் விசிறியை நிறுத்த ஆள் கிடையாது,
அடுப்பைச் சுற்றித் தகரத்தாள் கட்டுவோம் என்றாள் ஜெபக்கனி.
பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன்.
கூட்டுறவு வங்கியில் வட்டி போடுகிற கை,
நடுவில்தான் நிற்கும்.

களக்காட்டு மலையில் தவளை எண்ணப் போகிறோம்,
நான்கு பேர், நான்கு நாள்.
சுள்ளி பொறுக்கித் தீ மூட்டக்கூடாது என்று
கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
ஆகவே எல்லாச் சூடும் இங்கிருந்தே போகவேண்டும்.

காலையில் தேயிலை, ரவை.
மதியம் அடுப்பில்லை, நனைத்த அவல்.
இரவில் சோறு, பருப்பு,
பேராட்சிசெல்வனுக்கு மட்டும் ஒரு கடுங்காப்பி.
அது இல்லாவிட்டால் அவனுக்குத் தவளை கேட்காது.
நாளுக்கு ஆறு லிட்டர், எழுபத்திரண்டு கிராம்.
நாலால் பெருக்கி,
குளிருக்கும் கைத்தடுமாற்றத்துக்கும் ஐந்திலொன்று கூட்டி
முந்நூற்று நாற்பத்தாறு.

பெரிய குப்பியில் இருநூற்று முப்பது,
சின்னதில் நூற்றுப் பத்து.
ஆறு கிராம் துண்டு விழுந்தது.
"இதுக்குப் போய் இன்னொரு பெரிய இரும்பைச் சுமக்கணுமாக்கும்?
எம் முட்டிகிட்ட கேளு" என்றாள் ஜெபக்கனி.
"ஒரு தேத்தண்ணி குறைச்சுக் குடிப்போம்" என்றான் மசூது.
தீர்மானம் நிறைவேறியது.

முதல் இரவு, செங்கல்தேரிக்கு மேலே,
குப்பியை ஓடைத்தேக்கத்தில் மிதக்கவிட்டேன்.
வயிறு நிறைந்திருந்தால் அமிழ்ந்து கிடக்கும்,
குறையக் குறையத் தலைநிமிரும்.
நீர் தொட்ட இடத்தில் பேனாவால் கோடு போட்டேன்.
இரண்டாம் இரவுக் கோடு கணக்குக்குச் சற்று மேலேதான்.
எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் இருட்டுகிற நேரம்,
பாறைக்கடியில் எதுவோ கூப்பிட்டதென்று குனிந்த பேராட்சி
அப்படியே மடுவுக்குள் போனான்.
தூக்கினோம். துணி மாற்றினோம்.
தை மாதக் காற்று.
அவன் பல் தந்தியடித்தது,
பிறகு அதுவும் நின்றுபோனது. அதுதான் பயம்.
பெயரைக் கேட்டால் 'ம்' என்றான்.

இரண்டு லிட்டர் கொதிக்கவைத்து
பாட்டில்களில் ஊற்றி, காலுறையில் சுற்றி
அக்குளுக்கு ஒன்று, தொடையிடுக்குக்கு ஒன்று.
ஆறியதும் மறுபடி இரண்டு.
குப்பி குளிர்ந்து சுடர் சுருங்கியபோது
மசூது அதைக் கழற்றித்
தன் சட்டைக்குள் விட்டுக்கொண்டு
பத்து நிமிடம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.
மறுபடி இரண்டு.
நான்காம் தடவை பாதியில்
நீலம் ஒருமுறை துள்ளிப் படுத்தது.
சின்னக் குப்பி, பெரிய குப்பி, இரண்டும் தீர்ந்தன.
நான் எழுதிய எந்த வரியிலும்
இந்தத் தண்ணீர் இல்லை.

விடியும்போது பேராட்சி வாய் திறந்தான்:
"ஏல, கடுங்காப்பி உண்டுமா?"
இல்லை என்று சொல்ல
மூன்று பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.
பச்சைத்தண்ணீரில் அவலை நனைத்துத் தின்றபடி
தலையணை வரைக்கும் இறங்கினோம்.
எண்ணிய தவளைகள் நூற்றுப் பதினேழு,
அவனைக் கூப்பிட்டதைச் சேர்க்காமல்.

இந்த வருடப் பட்டியலில்
ரவைக்கும் பருப்புக்கும் கீழே
ஒரு வரி கூடுதலாக எழுதினேன்:
விழுகிறவருக்கு, எட்டு லிட்டர்.
"இது யாருலே?" என்று கேட்டான் பேராட்சி,
நிஜமாகவே தெரியாதவன்போல.
ஜெபக்கனி பேனாவை வாங்கி
எட்டை அடித்து ஆறாக்கினாள்,
தன் முட்டியைத் தடவிக்கொண்டே.