கூரைக் கணக்கு

தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது இரண்டே வரி:
ஓடைத் தடுப்புச்சுவர் குறித்து விவாதிக்கப்பட்டது.
முப்பத்தோரு வீட்டார் கலந்துகொண்டனர்.

எழுதாதது இது.

கேத்தியில் கேரட் கழுவும் ஷெட்டுக்குள் கூட்டம்.
கவிழ்த்துப்போட்ட கூடைமேல் தலைவர்.
ஆளுக்கொரு வருக்கி, பேப்பர் கப்பில் டீ.
நாலு லட்சத்து எண்பதாயிரம் என்றதும்
மெல்லுகிற சத்தம் நின்றது.

பேரூராட்சியைக் கேட்டாயிற்று.
ஓடை வருவாய்த்துறையுடையது என்றார்கள்.
வருவாய்த்துறை, பாலம் நெடுஞ்சாலையுடையது என்றது.
நெடுஞ்சாலை, தண்ணீர் மேலேயிருந்து வருகிறது என்றது.
வானத்தைச் சொன்னதா, மேட்டுத்தெருவையா
தெரியவில்லை.

மேட்டுத்தெரு பெள்ளிராஜ் எழுந்தார்:
"எங்க வாசல்ல எப்ப வெள்ளம் நின்னுது?
வராத தண்ணிக்கு நான் எதுக்குக் காசு தரணும்?"

கீழே பேக்கரி வைத்திருக்கும் ஜைத்தூன்
உட்கார்ந்தபடியே:
"வராத தண்ணியில்லண்ணே, நீங்க அனுப்புற தண்ணி.
போன ஐப்பசியில உங்க செப்டிக் டேங்க் மூடி
என் மைதா மூட்டைமேல வந்து உட்கார்ந்துச்சு.
கழுவி வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோங்க."

சிரித்தோம்.
அதே ராத்திரியில்தான் சகாயத்தின் கறவை
கட்டின கயிற்றோடு போனது.
கதவோரம் நின்ற சகாயம்
கப்பின் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கரில் பங்களாக்காரர், கோயம்புத்தூரிலிருந்து:
"வருஷத்துல பத்து நாள்தாங்க நான் அங்க இருக்கேன்."
"உங்க கூரை மிச்ச நாளும் இங்கதானே சார் இருக்கு"
என்றாள் கணக்கு டியூஷன் ஹில்டா.
சொன்ன பிறகு அவளே கொஞ்சம் யோசித்தாள்.
"கூரையை அளப்போம். யார் கூரையில எவ்வளவு மழை விழுதோ
அவ்வளவு காசு."

ஞாயிற்றுக்கிழமை டேப்போடு கிளம்பினோம்.
சதுரஅடிக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பங்களா நாலாயிரத்து நூறு,
கார் நிறுத்த சிமெண்ட் போட்டது தனி.
சன்ஷேடையும் சேர்ப்பீங்களா என்று
கூடவே நடந்தார் பெள்ளிராஜ்.
இத்தனை வருஷம் தலைக்கு மேலே இருந்தும்
எவருக்கும் தன் கூரையின் நீளம் தெரியவில்லை.
எனக்கும்.
என் பங்கு ஒன்பதாயிரத்தி அறுநூறு வந்தது,
டேப் தொய்ந்திருக்கிறது என்றேன்.

கடைசியில் ஓடைக்கரை. அமிர்தவல்லி.
பாதி தகரம், பாதி நீலத் தார்ப்பாய்,
பறக்காமலிருக்க மேலே இரண்டு டயர்.
நூற்று நாற்பது சதுரஅடி.
விட்டுடுவோம், பாவம், என்றார்கள்
அன்றைக்கு முதன்முறையாக எல்லோரும் ஒரே குரலில்.

அவள் உள்ளே போனாள்.
தேயிலை பறிக்கும் பையிலிருந்து
ஆயிரத்து அறுநூற்று எண்பதை எண்ணி வைத்தாள்.
"ரசீது குடுங்க."

வீட்டுக்கு ஆதாரம் என்ன என்று
ஒன்பது வருஷமாகத் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்கள்
எனக்குத் தெரியும்; ஒவ்வொன்றுக்கும்
ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது என் கடை.
சுவரின் வரைபடத்துக்கும் நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன்.
அதில் சிவப்புக் கோடு
சரியாக அவள் அடுப்பின் வழியாகப் போகிறது.

"கதவு எண்?" என்றேன்.
"அதை நீங்கதான் எழுதணும்."

பேனாவின் நுனியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
தெருவில் இருப்பது முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு என்று எழுதினேன்,
அழுத்தி, கார்பன் தாளுக்கும் பதியும்படி.

அடுத்த மழை பதினெட்டு நாளில் என்கிறது ரேடியோ.
இதுவரை வசூல்:
ஆயிரத்து அறுநூற்று எண்பது.