பதினொன்றாம் வட்டம்

இருபது மீற்றர் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன்.
வரைபடத்தில் புளியந்தீவு உள்ளங்கையளவு.
அதன்மேல் பதினான்கு வட்டங்கள்,
வட்டத்துக்கு ஒரு கதை.
கால் உள்ளே வந்தால் காதுக்குள் தொடங்கும்.

கால் வந்தால்.
யோகநாயகம் ஓட்டோவில் வந்தார்.
கோட்டை வாசலில் ‘அந்தக் கப்பல்’ என்று தொடங்கியது
அடுத்த முடக்கில் ‘இரண்டு ரூபாய்க்கு விற்றாள்’ என்று முடிந்தது.
நல்ல கதை தங்கச்சி, என்றார்,
கப்பலை ஆர் வாங்கினது?

அன்றிரவு வாக்கியங்களை நறுக்கினேன்.
கல்லடிப் பாலத்தில் காற்று பாதிச் சொல்லைத் தின்னும்,
அங்கே வினைகளை மட்டும் விட்டேன்.
பாடும் மீனைப் போடவில்லை.
ஏன் போடவில்லை என்றுதான்
எல்லோரும் கேட்கிறார்கள்.

‘இடப்பக்கம் திரும்பவும்’ என்ற குரலைக் கேட்டு
பஸ்மியா சிரித்த சிரிப்பில் ஒலிவாங்கி அதிர்ந்தது.
ஆருகா இது, வங்கி மெஷினா?
பிறகு அவளே பேசினாள்:
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில கிறுகுங்க.
மறுகா நேரே.

சில நேரம் செய்மதிக்கும் கண் தப்பும்.
ஒரு வெள்ளிக்கிழமை
தோணியில் இருந்த சபூர்தீனைக் கொண்டுபோய்ச்
சந்தைக்குள் நிறுத்திவிட்டது.
வலையை இழுத்து இழுத்து முழுக்கக் கேட்டன்,
கத்தரிக்காய் வாசம்தான் வரல்ல, என்றார்.

பதினொன்று.
அந்த இடத்துக்குச் சற்று முன்னால்
தவமலர் வீதியைக் கடந்தாள்.
நிழல் இந்தப் பக்கம், அவள் போனது வெயிலுக்கு.
மண்மூட்டைகள் எடுத்து எத்தனையோ வருடம்,
இப்போது கைபேசி உறை விற்கும் கடை.
வட்டத்தைப் பெருப்பித்தால் அவளைப் பிடிக்கலாம்.
முப்பத்தைந்து என்று தட்டினேன்.
அழித்தேன்.

என்ன வைக்கலாம், அக்கா?
ஒண்டும் வேணாம்.
பத்தாவது கதையும் அதுக்குள்ள ஓடி வந்திரப்படாது.

ஆகவே பதினொன்றில் நாற்பது செக்கன்,
அதே வீதியில் விடிய ஐந்தரைக்குப் பதிந்தது.
நடுவில் ஒரு சைக்கிள் போகிறது.
பெடல் கொஞ்சம் கிறீச்சிடும்.

திங்கட்கிழமை ஒரு முறைப்பாடு:
இங்கே எதுவும் கேட்கவில்லை, திருத்தவும்.
எழுதியவர் பெயர் இல்லை,
நடந்த தடம் மட்டும் புள்ளி புள்ளியாய்.
கடைக்கு முன்னால் புள்ளிகள் வளைந்து
வெயில் பக்கம் போயிருந்தன.

திருத்தியாயிற்று என்று எழுதக் கை வரவில்லை.
இன்னும் திறந்தே கிடக்கிறது.