கடைசிப் பதினாறு பக்கம்

இரண்டாம் ஞாயிறுகளில்
எத்திராஜின் பல் மருத்துவமனைக்கு
பல்லில் ஒரு குறையும் இல்லாத நாங்கள் வருவோம்.
சத்துவாச்சாரி. மாடி. கீழே டயர் கடை.
மே மாதத்து வேலூர், நாலு மணி:
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
மலைப்பாறைகள் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற நேரம்.
இங்கே ஏசி உண்டு.
அதற்காகவும் வருகிறோம், பொய் எதற்கு.

இன்றைய பேச்சு: யார் எப்படிப் படிக்கிறார்கள்.

முனிரத்தினம் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாராம்.
“யாரு சாவாங்கன்னு தெரிஞ்சாத்தான்
அவங்ககிட்ட மரியாதையா பழக முடியும்.”
கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம்.
கடன் மனுக்களையும் அப்படித்தான் படித்திருப்பார்.

ஜெபக்கனிக்கு இரவு டியூட்டி.
ஒரு சலைன் பாட்டில் தீர்வதற்குள் ஓர் அத்தியாயம்,
அதுவும் துப்பறியும் கதை மட்டும்.
“வார்டுல, ஏன் போனாருன்னு கேட்டா
டாக்டரே கையை விரிக்கிறாரு.
புத்தகத்துலயாவது ஒருத்தன் மாட்டுறானே.”

வாணியம்பாடி இம்தியாஸ் வீட்டு அலமாரியில்
உருது வலமிருந்து வருகிறது, தமிழ் இடமிருந்து.
நடுத்தட்டில் எது யார் வீட்டு விருந்தாளி என்று
அவருக்கே தெரியவில்லையாம்.

எத்திராஜ் தனியாகப் படிப்பதில்லை.
நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களுக்குக்
கவிதை வாசித்துக் காட்டுவார்.
வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள்
மறுத்துப் பேச மாட்டார்கள்.

என் முறை.
எழுதுகிறவன் என்பதால் எனக்கு மட்டும் கை வைத்த நாற்காலி.
விடியலில் எழுந்து ஐம்பது பக்கம், என்றேன்.
தலையாட்டினார்கள்.
உண்மையில் பதினான்கு மாதமாய்
ஒரு புத்தகத்தையும் நான் முடிக்கவில்லை.
காட்பாடி பார்சல் ஆபீசில் ரசீது படிக்கிறேன்.
வீட்டில் புதுப் புத்தகத்தை முகர்ந்துவிட்டு வைக்கிறேன்.

கதவோரம் தௌலத். முதல் முறையாக வந்திருந்தார்.
விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு
தினமும் கம்பெனி பஸ், பாதி நாள் நின்றபடி.
“முழு புத்தகம் கனக்குது சார்.
பதினாறு பதினாறு பக்கமா பிரிச்சுடுவேன்.
தையலைப் பிரிக்கிறது எங்களுக்குத் தெரியாதா?
படிச்சு முடிச்சதும் திரும்பத் தைச்சுடுவேன்.”

பிடித்த புத்தகம்?
பையிலிருந்து எடுத்தார்.
முதுகில் கறுப்பு நைலான் நூல், ஷூவுக்குப் போடுகிற இரட்டைத் தையல்.
என் நாவல்.
பின்னட்டைப் படத்தில் எனக்கு முடி இருந்தது.
அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“கடைசி பதினாறு பக்கம் மட்டும் இல்லீங்க.
பள்ளிகொண்டா டோல்கேட்டுல காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு.
அதனால இன்னா? அவ திரும்பி வந்துடுவா.”

நான் அவளைப் பாலாற்று வெள்ளத்தில் கொன்றிருந்தேன்.
(பாலாற்றில் எங்கே ஐயா தண்ணீர், என்று
அப்போதே ஒருவர் தபால் அட்டையில் கேட்டார்.)

“எப்படிச் சொல்றீங்க?” என்றேன்.

“செருப்பைத் தைக்கக் குடுத்திருக்காளே.
பத்து ரூபா முன்பணம் வேற.
திரும்பி வராதவ யாராவது
முன்பணம் குடுப்பாளா?”

எந்தச் செருப்பு?

முனிரத்தினம் நிமிர்ந்தார்.
என் கடைசிப் பக்கத்தை அவர் எப்போதோ படித்தவர்.
வாயைத் திறந்தார்.
எத்திராஜ் அதற்குள் ஒரு முழு மக்கன்பேடாவை வைத்தார்,
தொழில் சுத்தமாக.

“உங்களுக்கு முடிவு தெரியுமா சார்?”

“என் பிரதியிலும் அந்தப் பக்கம் இல்லம்மா.”

ஜெபக்கனி என்னையே பார்த்தாள்,
குற்றவாளியைப் பத்தாம் பக்கத்திலேயே பிடித்தவள் போல.

இரவு. கரண்ட் இல்லை. மொட்டைமாடி, செல்போன் வெளிச்சம்.
பத்தொன்பது வருடம் கழித்து
என் புத்தகத்தைப் பிரித்தேன், முதல் வரியிலிருந்து.
கொசு. சில இடங்களில் வெட்கம்.
மூன்று மணிக்கு,
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

இருக்கிறது.
இடது செருப்பு, அறுந்த வார், பத்து ரூபாய்.
“செவ்வாக்கிழமை வந்து வாங்கிக்கம்மா” என்கிறார்
தைக்கிறவர்.