மிதி

செப்டம்பர் புயலில் கெயாகி விழுந்தது.
அப்போது மணி இரண்டேகால் என்கிறார் பூசகர்.
தூங்கிக்கொண்டிருந்ததாகவும் அவரே சொல்கிறார்.

எழுநூறு வயது என்றது பலகை.
வளையம் எண்ண வந்த பல்கலைக்கழகப் பையன்
நானூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்தினான்.
அதற்குள்ளே வெறும் பொந்து.
பொந்தின் வயதை யார் எண்ணுவது?

கூட்டம் போட்டார்கள்.
மன்றத்துக்கு மேசை செய்யலாம்,
சாப்பாட்டுக் குச்சி சீவி விற்கலாம்.
சைக்கிள் கொட்டகை நசுங்கிப்போன இச்சினோசே
விறகாக்குங்கள் என்றார்.
கடைசியில் முரசு.
மரமே பாதி குடைந்து வைத்திருக்கிறதே.

அறுவை ஆலையில் இரண்டு முறை வாளின் பல் உடைந்தது.
உள்ளே ஆணிகள்.
நடுநிசியில் வந்து
வைக்கோல் பொம்மைக்கு ஒரு பெயர் சொல்லி
அதன் நெஞ்சில் அடித்துப்போன ஆணிகள்.
பொம்மை மக்கி, பெயர் மக்கி,
வளையத்தின்மேல் வளையமாய் மூடி
சாபத்தை விழுங்கி நின்றிருக்கிறது மரம்.
ஹிராபாயாஷி முப்பத்தொன்று பிடுங்கினார்.
பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார்.
என்னுடையது என்று யாரும் வரவில்லை.

ஐந்து வருஷம் காய்ந்தது கட்டை.
அதற்குள் மேயர் மாறினார்,
தொடக்கப்பள்ளியை மூடினார்கள்.

பிறகுதான்
தோலுக்கு ஆள் தேடிப் பாலம் தாண்டினார்கள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள்.
இங்கே வருகிறவர்கள் வழி கேட்பதில்லை,
மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவார்கள்.
இந்த ஊர் முரசுக்கெல்லாம் தோல் எங்களுடையது.
திருவிழா எங்களுடையதல்ல.
புனிதக் கயிறு கட்டிய அந்த மரத்தடியில்
என் அப்பா ஒதுங்கியதில்லை,
மழைக்குக்கூட.

முப்பத்தொன்றில்
எங்கள்மேல் அடித்தது எத்தனை,
நாங்கள் இருட்டில் போய் அடித்தது எத்தனை?
கேட்கவில்லை.
வாயின் அகலம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

அகலம்தான் வினையானது.
எப்போதும் பட்டறைக்குள்
கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை.
இது கதவில் நுழையவில்லை.
அதனால் கோயில் முற்றத்திலேயே,
மேயரும் பூசகரும் இச்சினோசேயும் பார்க்க
ஊறிய தோலைப் போர்த்தி, விளிம்பில் கழி செருகி,
சுற்றிலும் கயிறு கட்டினோம்.

"அடுத்தது என்ன, குராமொச்சி-சான்?"
"மிதிக்கணும்."
"எதை?"
"இதைத்தான். ஏறி நின்று மிதித்தால்தான் தோல் இளகும்.
உங்கள் முரசு எல்லாமே நாங்கள் மிதித்தவைதான்."

பூசகர் மேயரைப் பார்த்தார்.
மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ரப்பர் பூட்ஸைக் கழற்றினேன்.
உள்ளங்காலில் சுண்ணாம்பு தின்ற வெடிப்புகள்.
ஏணியில் ஏறினேன்.
தோல் குளிர்ந்திருந்தது, மீன் வயிறு மாதிரி.
குதித்தேன்.
முதலில் ஈரத்துணி அடிபடும் ஓசை.
மறுபடி குதித்தேன்.
நாலாவதோ ஐந்தாவதோ,
குதிகாலுக்கு அடியில்
பையன் எண்ணாமல் விட்ட பொந்து
தொண்டையைச் செருமியது.
கோயில் புறாக்கள் மொத்தமும் எழும்பின.

மேலேயிருந்து பார்த்தால்
மேயருக்கு உச்சியில் முடி இல்லை.

"இன்னும் ஒரு விரல் இழுங்கள்" என்றேன்.
கயிற்றில் ஆள் போதவில்லை.
இச்சினோசே வந்து பிடித்தார்.
பிறகு, அங்கியின் கையை மடித்துக்கொண்டு,
பூசகர்.

"இன்னும்" என்றேன்.