நல்ல கேஸ்

பதினோராம் கட்டில். எண்பத்திரண்டு வயது.
கனகசௌந்தரி, சாம்பல்தீவு.
வலப்பக்கம் இரண்டாம் விலா இடைவெளியில்
ஸ்டெதஸ்கோப்பை வைத்தால்
கிழிந்த சத்தமொன்று கழுத்து வரை ஏறும்.
"இதைப்போல இனி எங்க கேக்கப்போறியள்?" என்றார் சேர்,
சீட்டு விழுந்தவர் போல.

ஏழு பேர் வரிசையில் நின்றோம்.
ரிஃப்கான் "அம்மா, பாக்கலாமோ?" என்று கேட்டான்.
அடுத்தவன் "அம்மா" என்றான்.
அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அவ தானே சட்டைப் பின்னைக் கழற்றிவிட்டு
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தா.
நான் ஆறாவது.
கை குளிருது பிள்ளை, என்றா.
அவ்வளவுதான்.

அந்தப் புதன் துண்டு வெட்டுவதாக இருந்தது.
"சோதனை முடியட்டும்" என்றார் சேர்.
அடுத்த திங்கள் இல்லை, அதற்கடுத்த திங்கள்.
"நல்ல கேஸ். விடாதேங்கோ."
'அவதானிப்பில் வைக்கவும்' என்று டிக்கெட்டில் எழுதியது நான்.
என் கையெழுத்து வடிவு என்பார்கள்.

சங்கக்கடையில் முப்பது வருஷம் கணக்கெழுதினவ.
கல்யாணம் கட்டாதவ.
மூச்சு முட்டி இங்கே வந்த அன்று விடியத்தான்
கோழியை அடைக்கு வைத்தாவாம். பன்னிரண்டு முட்டை.
"இண்டைக்குப் பதின்மூண்டு.
இருபத்தொண்டில பொரிச்சிடும்.
பக்கத்து வீட்டுப் பூனை சரியில்லை.
ஏன் பிள்ளை இன்னும் துண்டு வெட்டேல்லை?"

இன்னும் கொஞ்சம் பார்க்கவேணும் அம்மா, என்றேன்.
பார்த்தோம்.
காலையில் நாலு பேர். பின்னேரம் ஐந்து பேர்.
மட்டக்களப்பிலிருந்து வந்த இரண்டாவது குழு
ஞாயிறும் பார்த்தது.

ஜன்னலுக்கு வெளியே, மதிலோரம்,
மான்கள் சோற்றுத் தாள் மென்றுகொண்டிருந்தன.
யாரோ போனை நீட்டினால்
தலையைத் தூக்கி அப்படியே நின்று கொடுக்கும்.
பழகிவிட்டன.

ஒரு நாள் ரெஜிஸ்ட்ரார் அறை வாசல் வரை போனேன்.
தேத்தண்ணிக் கோப்பையோடு நிமிர்ந்தார்.
"என்ன?"
பதினோராம் கட்டிலின் பொட்டாசியம் எவ்வளவு, சேர்?
நாலு தசம் ஒன்று.
சரியான அளவு.
நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இருபத்தோராம் நாள்
அவ ஒன்றும் கேட்கவில்லை.
இருபத்திரண்டாம் நாளும் கேட்கவில்லை.

சோதனையில் எனக்கு விழுந்தது பதினொன்று.
முதல்முறை கேட்பவள் போலப் புருவத்தைச் சுருக்கினேன்.
கையைத் தேய்த்துச் சூடாக்கித்தான் வைத்தேன்;
அதற்கும் ஒரு புள்ளி உண்டு.
வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் குனிந்து கேட்டார்,
"இந்தப் பிள்ளையை முந்திக் கண்டிருக்கிறியளோ, அம்மா?"
அவ என்னை ஒருதரம் பார்த்தா.
"இல்லை ஐயா. இண்டைக்குத்தான்."

விளக்குப் போடுகிற நேரம் வார்ட்டுக்குப் போனேன்.
என்ன சொல்லப் போனேன் என்று
இப்போதும் எனக்குத் தெரியாது.
அவ முந்திவிட்டா.
"எத்தினை குடுத்தவை?"
எழுபத்திரண்டு.
விரலை மடக்காமலே கழித்தா.
"மிச்சம் இருபத்தெட்டை ஆர் எடுத்தது?"

மறுநாள் துண்டு வெட்டினார்கள்.
நான் நூலகத்தில் இருந்தேன்.

நிலாவெளி பஸ்ஸில் இரண்டு முறை போயிருக்கிறேன்.
சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும்
சில வீடுகள் ரோட்டோரமாக வரும்,
வேலிக்குள் கோழிகள் நிற்கும்.
இரண்டு முறையும் மற்றப் பக்கத்து சீட்டில்தான்
இருந்தேன்.