சிவப்பு பல்பு வேண்டாம்

வாகையடி முக்கில் ஞானதுரை அண்ணாச்சி
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"என்னைக்குத் தவறுச்சு, தங்கச்சி?"

அவர் கடையில் சட்டத்துக்குள் போவது
இரண்டே ரகம்.
சாமிகள். செத்தவர்கள்.
கல்யாண ஜோடிகள்கூட இப்போதெல்லாம்
ஆல்பத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

"சாகல அண்ணாச்சி. திசையன்விளையில இருக்கா.
கொள்ளு தின்னுதா."

துண்டுச்சீட்டில் எழுத ஆரம்பித்திருந்த
'தோற்றம்' என்ற சொல்லை அடித்தார்,
'மறைவு' வருவதற்குள்.
பழக்கம் விடவில்லை:
"சீரோ வாட் சிவப்பு பல்பு வைக்கட்டா?
மாலைக்கு ரெண்டு கொக்கி?"

மூன்று படம் கொண்டுபோயிருந்தேன்.

ஒன்றில் காது மட்டும்.
விடியக்காலம் ஐந்து மணி, பால் வண்டிச் சத்தம்;
வலது காது தூங்க
இடது காது மட்டும் தெருவுக்குத் திரும்பிய நேரம்.

இன்னொன்றில் தலையே இல்லை.
"தலை எங்கம்மா?"
"எங்க முருங்கைக்கன்னத் தின்னுக்கிட்டு இருந்துச்சு,
படத்துக்கு வெளிய."
வயிறு. வால் வீச்சு. தப்பித்த ஒரு ஈ.
ஜங்ஷன் லேப் பையன் அப்போதே எச்சரித்தான்:
போன்ல எடுத்தது, பெருசாக்குனா உடையும்க்கா.
உடைந்துதான் இருக்கிறது.
பக்கத்தில் போனால் தவிட்டு நிறக் கட்டங்கள்,
அடுப்படி வாசலில் நின்றால்
குதிரை.

பூல்பாண்டிக்குப் பிடித்தது வேறு படம்.
ஃப்ளெக்ஸில் வந்தது.
நாலு காலும் தரையில் இல்லை, வண்டியில் அவர்,
கீழே மஞ்சள் எழுத்தில் 'நெல்லை மின்னல்'.
அந்தப் பெயருக்கு அவள் ஒரு நாளும் திரும்பியதில்லை.
நன்னாரி நிறம் அவளுக்கு.
சர்பத்து என்றால் வருவாள்.

பந்தயம் அவருக்கு,
லத்தி எனக்கு.
குறையாகச் சொல்லவில்லை.
லத்தி அள்ளுகிறவளுக்குத்தான்
வயிற்றுவலி முதலில் தெரியும்.

மூன்றாவது படத்தில்தான் சிக்கல்.
முழு உருவம், நல்ல வெளிச்சம்,
அன்று காலை நான் பின்னிவிட்ட பிடரி மயிர்.
கயிற்றின் மறுமுனையில் ஒரு கை,
கல் மோதிரம் போட்டது, முழங்கை வரைக்கும்.
வாங்கிப் போனவருடையது.
பூல்பாண்டி அந்தப் பக்கம் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்.
எனக்கு வேறு வேலை இல்லை, எடுத்தேன்.

"கைய மறைச்சிரலாம்," என்றார் அண்ணாச்சி.
"மவுண்ட் அட்டைய ஒரு இஞ்சு உள்ள தள்ளுனா போதும்."
பென்சிலால் லேசாகக் கோடு.
வெட்டவில்லை, மூடினார்.
இப்போது கயிறு நீண்டு போய்
வெள்ளைக்குள் நுழைந்து
அதோடு சரி.

தங்கப்பூ ஓரம் வேண்டாம் என்றேன்,
அது முருகனுக்கு நன்றாக இருக்கும்.
கருப்பும் வேண்டாம்.
சும்மா மரம், மரம் மாதிரியே.
ரசீதில் எழுதியிருந்தது:
குதிரை 3. கொக்கி இல்லை. பல்பு இல்லை.

சுத்தமல்லி வந்து சேர இருட்டிவிட்டது.
கேஸ் கம்பெனி காலண்டரைக் கழற்றிவிட்டு
நான் ஆணி அடித்தேன், காரை உதிர்ந்து கண்ணில் விழுந்தது.
பூல்பாண்டி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
காதைப் பார்த்தார்.
தலையில்லாததைப் பார்த்து, "இதப் போயி..." என்றவர்
பாதியில் நிறுத்தி
"ஈ கூட விழுந்திருக்கு" என்றார்.

மூன்றாவதன் முன்னால் வந்ததும்
வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்,
கயிறு போய் முடிகிற இடத்தில் மட்டும்.
அங்கே தூசி இல்லை.
"வலப்பக்கம் சரிஞ்சிருக்கு," என்றார்.
நிமிர்த்தி வைத்தார்.

காலையில் பார்த்தால்
மறுபடி அதே பக்கம்,
கயிறு போகிற பக்கம்.

ஆணி சரியில்லை என்கிறார்.
இருக்கும்.