ஏழாம் எண்ணுக்கு ஈடாக

பதினொரு ஆட்டம், ஆறு புள்ளி.
பட்டியலின் அடியில் சுங்கை தெரப்,
கலக்க மறந்த தேநீரின் சீனிபோல்
கரையாமல் கிடக்கிறது.

செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
லோரி ஏறும். எண் துடிக்கும். நிற்கும்.
பழக்குலை இத்தனை டன், வண்டி கழித்து இத்தனை என்று
சீட்டு கிழித்துக் கொடுப்பேன்.
மிஞ்சிய சீட்டின் பின்பக்கத்தில் அணி எழுதுவேன்.
நான்கு, நான்கு, இரண்டு.
அழித்துவிட்டு, நான்கு, ஐந்து, ஒன்று.
எப்படிக் கூட்டினாலும் பத்து வந்துவிடுகிறது.
கோல்தான் வருவதில்லை.

ஜூன் பிறந்தால் இரண்டு வாரம்
ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம்,
லீக் விதி அது.
அந்த இரண்டு வாரத்துக்காக
பிப்ரவரியிலிருந்து மூச்சைப் பிடித்திருக்கிறேன்.

வருவான் என்றார்கள்
கிளந்தானிலிருந்து ஒரு முன்கள ஆட்டக்காரன்,
இரண்டு காலிலும் அடிப்பானாம்.
வருவான் என்றார்கள்
ஈப்போவில் கார் கழுவும் கானா நாட்டுக்காரன்,
ஆறடி மூன்றங்குலம்,
விசாதான் கொஞ்சம் இழுக்கிறதாம்.
அவனுக்குத் தினம் நான்கு ரொட்டி சானாய்
தன் கணக்கு என்றார் காசிம்.
காலணி தன் பொறுப்பு என்றார்
இரும்புக்கடை லிம் தவுக்கே.
நான் ஓவர்டைம் காசில் நூற்றைம்பது ரிங்கிட்டை
உறையில் போட்டு
மேலே ‘கோல்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

போக வேண்டியவன் யார் என்பதில்
எனக்குக் குழப்பமே இல்லை.
ஏழாம் எண், குபேந்திரன்.
ஓடுவான், ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது.
கோலுக்கு நேரே போய் நின்று
வானத்துக்கு அடிப்பான்.
திடலுக்கு அந்தப் பக்கம் செம்பனை.
‘இவன் அடித்த பந்துதான் அங்கே காய்க்கிறது’
என்று முதலில் சொன்னது நான்.
பிறகு ஊரே சொன்னது.

அவனும் லோரி ஓட்டுகிறவன்.
நாளைக்கு மூன்று நடை என் மேடையில் ஏறுவான்.
“அக்கா, சனிக்கிழமை பாருங்க” என்பான்.
நான் எண்ணைப் பார்ப்பேன்.

கடைசி நாள் மாலை, வாட்சாப்பில் சேதி.
கிளந்தான்காரன் பினாங்குக்குப் போய்விட்டான்.
விசா கிடைக்காமல்
ஆறடி மூன்றங்குலமும் ஊர் திரும்பிவிட்டது.
குபேந்திரன் கீழாற்றுத் தோட்டத்துக்கு.
ஈடாக அவர்களுடைய கோல்காப்பாளர் சவரிநாதன்,
வயது முப்பத்தெட்டு, இடது முட்டியில் உறை.
அவ்வளவுதான்.
பிடித்திருந்த மூச்சை
எங்கே விடுவதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை குபேந்திரன் வந்தான்.
சீட்டை வாங்கினான்.
சனிக்கிழமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
வண்டி இறங்கிப் போன பிறகும்
எண் சுழியத்துக்குத் திரும்ப நேரமாயிற்று.
முந்தின இரவு நல்ல மழை,
மேடையில் சேறு இருந்திருக்கும்.

அந்த வாரமே கீழாற்றோடு ஆட்டம்.
எண்பத்தைந்தாவது நிமிடம் வரை
இரு பக்கமும் ஒன்றுமில்லை.
சவரிநாதன் ஐந்து பந்தை வயிற்றில் வாங்கி நிறுத்தியிருந்தார்,
ஆறாவதுக்கு ஓடிவந்து வழுக்கி விழுந்தார்.
திறந்த கோல்.
முன்னால் மஞ்சள் சட்டையில் அவன்.

“அடிடா குபேன்!”
கத்தியது நான்தான்,
எங்கள் கொட்டகையில், எங்கள் ஆட்கள் நடுவில்.
காசிம் திரும்பிப் பார்த்தார்.

அடித்தான்.
குறுக்குக் கம்பத்துக்கு மேலே
விளக்குக் கம்பத்துக்கும் மேலே
செம்பனைக்குள் போய் விழுந்தது.

ஊர் துள்ளிக் குதித்தது.
லிம் தவுக்கே குடையை வீசினார்.
அவன் இடுப்பில் கைவைத்து
பந்து போன திசையையே பார்த்து நின்றான்.
அவன் தவறவிட்டது
முதன்முறையாக எங்களுக்குப் புள்ளியாயிற்று.

மொத்தம் ஏழு. இன்னும் அடியில்தான்.

பந்தெடுக்க யாரும் போகவில்லை, நான் போனேன்.
முள்மட்டைகளுக்கு நடுவே மூன்று கிடந்தன.
காற்று போய்ப் பாசி பிடித்தவை இரண்டு,
அவை எங்கள் கணக்கு.
இன்னும் சூடாக இருந்த ஒன்று
அவர்களுடையது.
நடுவர் விசிலடித்துக்கொண்டே இருந்தார்.
மூன்றையும் அணைத்தபடி நடந்தேன்,
பழையவற்றிலிருந்து
மழைத்தண்ணீர் சட்டையில் வடிய.